சன்னிவேலில் ரூபாய் மாற்றினேன்

நாணய மாற்றுத் தொழிலில் ஒரு கஷ்டம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற எல்லோருக்கும் நம்மைவிட நன்றாகப் பொருளாதாரம் தெரியும். எந்தக் கவுன்ட்டரிலாவது உட்கார்ந்து காலம் தள்ளியவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில், எல் கமீனோ சாலையில் ஒரு டிராவல் ஏஜென்சி, அதன் மூலையில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் நான், பக்கத்தில் மெக்சிகோக்காரி மரியா. அன்றைய ரேட்டைப் பலகையில் எழுதுவது என் முதல் வேலை. அதைப் படித்துவிட்டு, ரூபாய் இன்னும் விழுமா என்று கேட்பது வாடிக்கையாளரின் முதல் வேலை. தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

குத்துப்பட்ட நோட்டு

ருக்மணி ஆன்ட்டி கரூர்க்காரர். மகள் கவிதாவின் பிரசவத்துக்காக ஆறு மாதம் தங்க வந்தவர். ஒரு நாள் கைப்பையிலிருந்து நாலைந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். மாற்றுவதற்கு இல்லையாம். ஊரில் காந்தி படம் போட்ட புது நோட்டு வந்துவிட்டதாக அவர் வீட்டுக்காரர் ஃபோனில் சொல்லியிருக்கிறார். தன்னிடம் இருப்பது சிங்கம் போட்ட பழைய நோட்டு, திரும்பிப் போகும்போது செல்லுமா என்று கேட்டார்.

காந்தி வந்ததற்காகச் சிங்கம் ஓடிவிடாது, இரண்டும் சேர்ந்தே புழங்கும் என்றேன். டாலரிலும் அப்போதுதான் நூறு டாலர் நோட்டில் இருக்கும் தாத்தாவின் தலை பெரிதாகியிருந்தது. அமெரிக்காவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நம் ஊர்ப் பணமாற்றுக்காரர்கள் சின்னத் தலையைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஊருக்குப் போகிறவர்கள் பெரிய தலையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மடிக்காமல் கொண்டுபோங்கள்.

இதற்குள் மரியா ஒரு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் பெரிய பெரிய ஓட்டைகள். நம் வங்கிகளில் கட்டுக் கட்டாகப் பின் அடித்துத் தருவார்கள், அதைப் பிய்த்து எடுப்பதற்குள் நகம் போய்விடும் என்பதை நான் விளக்கும் முன்பே, சிரிக்காமல் கேட்டாள்: "உங்கள் நாட்டில் பணத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைப்பீர்களா?"

இரண்டு கையெழுத்து

டிராவலர்ஸ் செக் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வாங்கும்போது மேலே ஒரு கையெழுத்து, மாற்றும்போது எங்கள் கண் முன்னால் கீழே ஒரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால்தான் பணம். சென்னையிலிருந்து அந்த வாரம்தான் வந்திறங்கிய ஒரு பையன் மொத்தக் கட்டையும் நீட்டினான். அத்தனையிலும் இரண்டு கையெழுத்தும் முத்து முத்தாகப் போட்டிருந்தது.

நான் தலையில் கை வைத்தேன். இனி மேலாளர் வந்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, செக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, சாயங்காலம் ஆகிவிடும். ஏன்ப்பா இப்படிச் செய்தாய் என்றதற்கு, பொறுப்பான பிள்ளைக்குரிய பதில் வந்தது: "எங்கயாச்சும் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னா நம்ம ஊர்ல திருப்பி அனுப்பிடுவாங்க மேடம், அதான்."

மிச்ச ரூபாய்

ஜனவரி மாதம் விடுமுறை முடிந்து திரும்பியவர்கள் வருவார்கள். சட்டைப்பையில் கசங்கிக் கிடக்கும் மிச்ச ரூபாயை டாலராக்க வேண்டும். ரூபாயை நாங்கள் வாங்கும் ரேட் பகல் கொள்ளை. முதலாளி உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, இதை இங்கே கொடுக்காதீர்கள், அடுத்த தடவை ஊரில் இறங்கியதும் உதவும் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு திருநெல்வேலிக்காரரிடம் இதையே சொன்னேன். அவர் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணப் போகிறாராம். பேப்பரைக் கொடுத்துவிட்டால், கார்டு கைக்கு வரும்வரை தனி அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அது ஊரில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் நோட்டுகளை நீவி நீவி அடுக்கினார். "அடுத்த வருஷம் வாரேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன். எந்த வருஷம்னு அவங்க கேக்கல."

வக்கீலைப் பார்க்கப் போகும் வழியில்

ருக்மணி ஆன்ட்டியின் ஆறு மாதம் இன்னொரு ஆறு மாதமாக நீண்டது. கரூரில் வீட்டுக்காரர் மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தார். இங்கே வரமாட்டேன் என்று அவருக்குப் பிடிவாதம். கவிதாவையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, டேகேரில் விட்ட வாரமே குழந்தைக்குக் காய்ச்சல். அம்மாவை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் குழந்தையோடு வந்தார்கள். கவிதா சிட்டிசன் ஆகிவிட்டாள், அம்மாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ண வக்கீலிடம் போகிறார்கள். போகிற வழியில் அந்த நூறு ரூபாய் நோட்டுகளை டாலராக மாற்றிவிட வேண்டுமாம். இனிமேல் அம்மாவுக்கு இது எதற்கு என்றாள் கவிதா. நான் ரேட்டைச் சொன்னேன். எவ்வளவு மோசமோ அவ்வளவையும் அழுத்திச் சொன்னேன். கவிதா பரவாயில்லை என்று நோட்டுகளை ஜன்னலுக்குள் தள்ளினாள்.

ஆன்ட்டி குழந்தையை மகள் கையில் கொடுத்தார். ஜன்னலுக்குள் கை விட்டு நோட்டுகளை எடுத்து, கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். கோபமே இல்லாத குரல். "உங்கப்பனத் தனியா உட்டுப்போட்டு வருசம் ஒண்ணாகப் போகுது கண்ணு. இது எனக்குக் கரூருக்கு பஸ்ஸுக்கு வேணும்."

கவிதா குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த டிக்கெட் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே அவள் கேட்டது என் காதில் விழுந்தது: "மெட்ராஸுக்கு ஒன் வே எவ்வளவுங்க?"

இத்தனை வருஷம் ரூபாய் விழுமா, எழுமா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியாது என்றே சொன்னேன், ருக்மணி ஆன்ட்டி மட்டும் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை, அவர் ரூபாய்க்கு என்றைக்கும் ஒரே ரேட்தான்: கரூர் பஸ்.