முப்பது பேர் சேர்ந்தால்தான் தீவு

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு உடுப்பியில் இறங்கினோம். பெங்களூரிலிருந்து நானூறு கிலோமீட்டர். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு தலை ஜன்னல் கம்பியில் இடித்ததைத் தவிர வேறு கஷ்டமில்லை. என்னுடன் அக்காள் மகள்கள் இருவர்: ரேவதிக்குப் பத்து வயது, கீதாவுக்கு ஏழு. பெங்களூர் பொம்மனஹள்ளியில் பிறந்த இருவரும் கடலைப் பார்த்ததில்லை. ஏப்ரல் விடுமுறையில் தீவுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் சட்டைக்கு இஸ்திரி போடும் கார்மென்ட்ஸில், பகுதிக்கு ஒரு நாள் மின்வெட்டு என்ற முறைப்படி வார விடுமுறை செவ்வாய். எங்கள் தெருவே அன்றுதான் சினிமாவுக்குப் போகும், கறி எடுக்கும். ஊருலகத்துக்கெல்லாம் அதுதான் ஞாயிறு என்ற நினைப்பில் வந்துவிட்டேன்.

தீவுக்குப் படகு கிளம்பும் மல்பெ அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். எட்டரை மணிக்குப் படகுத்துறையில் நின்றோம். டிக்கெட் நாற்பது ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. படகுக்காரர் பணத்தை வாங்கவில்லை. தமிழ் மீனவர்களோடு கடலுக்குப் போனவராம், தமிழிலேயே சொன்னார்.

"மூவத்து ஜன பேக்கு. முப்பது பேர்! இன்னைக்கு மங்களவாரா, செவ்வாக்கிழமை, யார் வருவாங்க சாமி?"

"எத்தனை மணி வரைக்கும் பாப்பீங்க?"

"ஒரு மணி. அப்புறம் காத்து ஏறிடும், படகு எடுக்க மாட்டேன்."

இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பஸ். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் வேலை இருக்காது. அடுத்த முறை என்று சொல்லி ஏமாற்றவும் மனம் வரவில்லை. அடுத்த ஏப்ரலில் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பத்து மணிக்கு எங்களோடு சேர்த்து ஏழு பேர். புதுமணத் தம்பதி வெயில் தாங்காமல் போய்விட, ஐந்து. கீதாவின் உதடு பிதுங்கியது.

"மாமா, இப்படியே திரும்பிப் போயிடுவோமா?"

"அழுதா ஆள் வருமாடி? வா, போய்க் கூப்பிடலாம்" என்று ரேவதி அவளை இழுத்துக்கொண்டு கடற்கரை பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

நின்றிருந்த வேன் ஒன்றின் பக்கவாட்டைத் தட்டி, மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் சீக்கிரம் ஏறுங்கள் என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்துவதுபோல் கீதா கத்தினாள்: "தீவு தீவு தீவு! பேக ஹத்தி, பேக ஹத்தி! சீட் காலி இதே!"

சிரித்தபடியே ஒன்பது பேர் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சித்ரதுர்காவிலிருந்து பதினான்கு ஆசிரியைகள் வேனில் வந்து இறங்கினார்கள். மூத்தவர் மட்டும் தண்ணீரென்றால் பயம் என்று பின்வாங்கினார்.

"எனக்கும் பயம்தான் மிஸ். உங்க கையப் பிடிச்சுக்கறேன்" என்றாள் கீதா கன்னடத்தில். பதினான்கு பேரும் ஏறினார்கள்.

மணி ஒன்றாகப் பத்து நிமிடம். படகுக்காரர் விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். இருபத்தெட்டு. உதட்டைப் பிதுக்கினார். வேறு பஸ் எதுவும் வரவில்லை.

"அண்ணா, நீங்களும் இன்ஜின் ஓட்டுற அண்ணாவும் ஆளில்லையா?" என்று கேட்டாள் ரேவதி.

அவர் தன்னையும் இன்ஜின்காரரையும் சேர்த்து எண்ணினார்: முப்பது. பிறகு வாய்விட்டுச் சிரித்துக் கயிற்றை அவிழ்த்தார். "இத பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களா, இல்ல பெங்களூர்த் தண்ணியா?"

அரைமணி நேரப் பயணம். துறைமுகத்தின் கலங்கல் பச்சையாகி, பச்சை நீலமானது. ஒவ்வொரு அலைக்கும் முகத்தில் உப்பு தெறித்தது. ஒவ்வொரு தெறிப்புக்கும் இருவரும் கூச்சலிட்டார்கள். மூத்த ஆசிரியை கண்ணை இறுக மூடியிருந்தார். யார் யார் கையைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் சிறு படகுக்கு மாறி, முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். தீவு முழுக்கக் கருங்கல் தூண்கள், பென்சில் கட்டுகளை நிறுத்திவைத்ததுபோல் பட்டை பட்டையாக.

"யாரு மாமா அடுக்குனது?"

 நெருப்புக் குழம்பு ஆறியபோது தானாகவே அப்படி வெடித்தது என்றார் ஆசிரியை. இப்போது கண் திறந்திருந்தார். குடிக்கத் தண்ணீரில்லை, நிழலும் குறைவு. ஒரு மணி நேரம் அலையில் புரண்ட பிள்ளைகளுக்கு அது தெரியவேயில்லை.

புதன்கிழமை காலை, பெங்களூரில் வேலைக்குப் போகும் ஓசூர் ரோடு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஒருவரின் முழங்கை என் விலாவில் குத்தியது. இன்னொரு ஆள் ஏறினால் எரிச்சல்படுகிறவன்தான் நான். அன்று தலைகளை எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியது. இவர்களில் ஒருவர்கூட நேற்று மல்பெயில் இல்லையே என்று தோன்றியது.