ஐந்து மணிக்கு வந்த ஆள்

விசைத்தறிச் சத்தம் சட்டென்று நின்றால், கரண்டு போன அந்த வெறும் நிமிடத்தில் மதினியின் குரல்தான் எனக்குக் கேட்கிறது. அன்றும் தெரு இப்படி வாயடைத்துப் போயிருந்தபோதுதான் வந்து கேட்டார், இணையத்தில் அண்ணன் படத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரியவே தெரியாதா என்று.

அண்ணன் வீட்டைவிட்டுப் போய் ஏழு மாதமாகியிருந்தது. சண்டையில்லை, கடிதமில்லை. பக்கத்து ஊரான மல்லாங்கிணறு வரைக்கும் போய் வருகிறேன் என்று போனவர். என் எழுத்துக்காகப் பைத்தான் நிரல்மொழியில் நானே கட்டிய இணையதளத்தை விடாமல் படிப்பவர் அவர். அதிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் படத்தையும் 'வந்துருங்க' என்று மதினி சொன்ன ஒற்றைச் சொல்லையும் போட்டிருந்தேன்.

மதினி கேட்டதற்காக எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புருவில் சில நிரல் வரிகள் சேர்த்தேன். எந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள், வருகிறவரின் நேரம், ஊர், போனா கம்ப்யூட்டரா என்பது பதிவாகும். ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும், எந்தப் போன் என்பதைக்கூட, சேமிக்க வேண்டாம் என்று அமைத்தேன். படிக்க வருகிறவர்களை வேவு பார்ப்பதா என்று ஒரு கூச்சம்.

மறுநாளே அண்ணன் பக்கத்தில் ஒரு வருகை பதிவானது. சென்னை. போன். காலை ஐந்து மணியை ஒட்டி இரண்டு மூன்று தடவை. அடுத்தடுத்த நாளும் அப்படியே. அண்ணன் ஐந்து மணிக்கு எழுகிறவர். நான்காம் நாள் மதினி சென்னைக்குப் போகப் பையில் துணி எடுத்து வைத்துவிட்டார். கவிதை எழுதிக் கிழித்தது போக உருப்படியாக ஒன்று செய்தீர்கள் என்று கிண்டல் வேறு. ஏழு மாதத்தில் அன்றுதான் சிரித்தார்.

அன்று மதியம் ஒரு வேலையாகத் திருச்சுழி போயிருந்தேன். சும்மா என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சென்னை என்று பதிவானது. வெயிலில், கருவேலங்காட்டு ஓரம் நிற்கிறேன். கணக்கு என்னைச் சென்னையில் நிறுத்தியிருக்கிறது. நம் ஊர்ப் போன்களின் இணைய இணைப்பு அங்கே போய்த்தான் வெளியே வருகிறது போல.

சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதினியைப் பிடித்தேன். காலையில் நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதுண்டா என்று கேட்டேன். தினமும் அவுக முகத்தில்தான் முழிக்கிறேன் என்றார். எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பதெல்லாம் நினைவில்லையாம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அது நாந்தானா?"

"இருக்கலாம் மதினி."

"அவுக இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?"

முடியவில்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடிய தடத்தைத்தான் வேண்டாமென்று விட்டிருந்தேன். மதினி சென்னை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரத் தொடங்கியது.

"நாளையிலருந்து நான் அதைத் தொறக்க மாட்டேன் கொழுந்தனாரே. அஞ்சு மணிக்கு ஆளு வந்தா எனக்குப் போன் போடுங்க."