பொழுது விழுமுன் எடுக்க வேண்டிய கல்

புதுத் தார் ரோடு போட்டால், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அரசாங்கமே ஒரு களம் போட்டுக் கொடுத்த மாதிரி. தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்தால் நெல் ரோட்டுக்கு வந்துவிடும். பாதி ரோட்டில் நெல், மீதிப் பாதியில் பஸ். நெல்மேல் சக்கரம் ஏறாமலிருக்க, ஓரம் நெடுகத் தலையளவு கற்களை வரிசையாக வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை வாரி மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போவார்கள். கல் மட்டும் அங்கேயே கிடக்கும். மறுநாளும் அதே இடம் வேண்டுமே. பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல ரோட்டுக்குக் கல்.

அந்த ரோட்டுக்குச் சாலை ஆய்வாளராக இருந்தவர் தரணேந்திரன். பக்கத்து ஊர் நயினார் வீட்டுப் பிள்ளை. அந்தச் சமணக் குடும்பத்தில் கலப்பையை விட்டு அரசு வேலைக்குப் போன முதல் ஆள். பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தவருக்குப் பத்து வருஷமாக ரோடு போடுவதுதான் வேலை. ஜல்லி, தார், ரோலர், புகை. முடிந்ததும் பந்தல் போட்டுத் திறப்பு விழா, பெயர் வெட்டிய கல்வெட்டு. அதற்கப்புறம் அந்த ரோடு வாழ்கிறதா செத்ததா என்று யாரும் கேட்டதில்லை. கெட்டுப்போனால் இன்னொரு எஸ்டிமேட், இன்னொரு பந்தல்.

தொண்ணூற்றெட்டில் உதவிக் கோட்டப் பொறியாளராக அன்புச்செல்வி வந்தார். முதல் கூட்டத்திலேயே, இந்த வருஷம் யார் எத்தனை கிலோமீட்டர் போட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. போட்ட ரோட்டில் போன வருஷம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கேட்டார். அது போலீஸ் வேலை என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். சிரிப்பும் வந்தது.

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. "கல்யாணம் பண்ணி வெக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டிருக்கோம். குடித்தனம் எப்படி நடக்குதுன்னு பாக்க ஆளில்ல. இனிமே ரோடு போட்டவருன்னு யாரையும் சொல்ல மாட்டேன். ரோட்டை நடத்தறவருன்னுதான் சொல்லுவேன்."

ஆளுக்கு ஒரு நீளம் பிரித்துக் கொடுத்தார். சாய்ந்த கிளை, நின்றுபோன லாரி, அழிந்துபோன வெள்ளைக்கோடு, மேயும் மாடு, காயும் நெல் எல்லாம் இனி அவரவர் பொறுப்பு. தரணேந்திரனின் நீளத்தில் ஒரு வளைவு இருந்தது. இரண்டு பக்கமும் புளியமரம். பொழுது சாய்ந்தால் மரநிழலும் தாரும் கல்லும் ஒரே கறுப்பு. அறுப்புக்கு அறுப்பு அங்கே யாராவது விழுவார்கள், விழுந்தவரைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவார்கள், மறுநாள் அதே இடத்தில் நெல் காயும்.

தரணேந்திரன் முதலில் எடுத்தது தன் அண்ணனின் கற்களை. அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்தது காசியுடையவை. வளைவை ஒட்டி நிலம் வைத்திருந்த காசி, பள்ளிக்கூடத்தில் தரணேந்திரனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"ஏன்டா நயினாரே, எறும்பை மிதிச்சா பாவம்னு பாத்துப் பாத்து நடக்கற ஜாதி நீ. என் நெல்லுமேல மட்டும் இன்னா இவ்ளோ கோவம்?"

பகலில் காயவைத்துக்கொள், மறிக்க மாட்டேன், பொழுது விழும்போது ரோட்டில் ஒரு கூழாங்கல்கூட இருக்கக் கூடாது என்றார் தரணேந்திரன். ஆனால் சொன்னால் நடக்கிற ஊரா அது? சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற நேரத்தில்தான் குடியானவர்கள் நெல்லை வாரிக்கொண்டு போவார்கள். கல்லை எடுக்க மிஞ்சியவர் தரணேந்திரன் ஒருவர்தான். டிவிஎஸ் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கல்லாகக் காலாலும் கையாலும் பள்ளத்துக்கு உருட்டுவார். மறுநாள் காலையில் திட்டிக்கொண்டே அவர்கள் மேலே ஏற்றுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நயினார் வீடுகளில் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டாக வேண்டும். பொழுது விழுந்தபின் அன்னத்தைத் தொடக் கூடாது. மத்தியானச் சோற்றுக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவர் தரணேந்திரன். வடிகட்டிய தண்ணீரில் சமைத்து, வீட்டில் உட்கார்ந்து உண்பதுதான் அவர்கள் வழக்கம். தூக்குச்சட்டியில் போட்டு ரோட்டோரம் தின்பதில்லை. அவர் சாப்பிட வேண்டிய நேரமும் ரோடு கொலைக்களம் ஆகும் நேரமும் ஒன்றாக இருந்தன. அறுப்பு முடியும்வரை அவர் ராத்திரிப் பட்டினி கிடந்தார். மனைவி ஜினமதி எடுத்து வைத்த சோறு காலையில் மாட்டுக்குப் போயிற்று.

"பர்வ நாளுக்கு விரதம் இருக்கறவங்களைப் பாத்திருக்கேன். தார் ரோட்டுக்கு விரதம் இருக்கற மனுஷனை இப்பதான் பாக்கறேன்" என்பாள் ஜினமதி.

அந்த வளைவில் அப்புறம் யாரும் விழவில்லை. அறுப்பு இரண்டு வந்து போயின. முதலில் வித்தியாசத்தைக் கண்டவர் பால்காரர் பரசுராமன். சாயங்காலம் ஊர் ஊராகக் கறந்த பாலைக் கேன்களில் ஊற்றி, மோட்டார் வண்டியில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போகிறவர். முன்பெல்லாம் வளைவு வந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பிறகு ஏறியபடியே, மெதுவாக. மரத்தடியில் தரணேந்திரன் தலையைக் கண்டால் ஹாரன் அடித்துக் கேட்பார்.

"நயினாரே, போலாங்களா?"

"போ, போ."

மாசக்கணக்கில் கேட்டபின் கேட்பதையும் விட்டுவிட்டார். ஹாரன் மட்டும் அடிப்பார், வேகம் குறையாது. அவர் போகிற அந்த வேகத்தைப் பார்க்கும்போது தரணேந்திரனுக்கு வயிற்றில் பசி தெரியாது. கல்வெட்டில் பெயர் வந்திருந்தால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

வயிறு அப்படி விட்டுவிடவில்லை. புண் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தம் கக்குவீர்கள் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து அன்புச்செல்விக்கும் மாற்றல் வந்தது. அடுத்து வந்த அதிகாரிக்கு அகலப்படுத்தும் திட்டங்கள்மேல்தான் கண். சாயங்காலம் கல் பொறுக்குவதற்கா அரசாங்கம் உமக்குச் சம்பளம் தருகிறது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆய்வாளர்கள் மறுபடி டேப்பைத் தூக்கிக்கொண்டு அளக்கப் போனார்கள். தரணேந்திரனும் பகலில் அளந்தார். சாயங்காலம் வளைவுக்குப் போனார்.

மூன்றாவது அறுப்பில் காசி பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தான். நெல்லைக் காயவைத்து உடனே விற்றுத் தள்ள வேண்டிய அவசரம். அன்று வளைவு முழுக்க அவன் நெல்தான். மத்தியானத்திலிருந்தே தரணேந்திரனுக்கு வயிற்றில் கத்தி சொருகிய மாதிரி வலி. மரத்தடியில் குந்தி, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தவரைக் காசி வந்து பார்த்தான்.

"எழுந்து ஊட்டுக்குப் போடா. பொழுது இருக்கும்போதே ஒரு வாய் துன்னு. கல்லுதான? நான் எடுத்துடறேன்."

"எல்லாத்தையுமாடா?"

"உனக்கு எப்பவும் சந்தேகம்தான். என் பொண்ணு மேல சத்தியமா எடுக்கறேன், போ."

போனார். ஜினமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனையோ நாள் கழித்து வெளிச்சத்தில் இலை போட்டாள். குழைய வடித்த சோறும் மோரும். அவர் சாப்பிட்டு எழுந்து, வீட்டில் விளக்கும் வைத்தபின் தெருவில் யாரோ ஓடிவந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வளைவில் தார் வெள்ளையாக இருந்தது. கேன் திறந்து பால் ரோட்டின் சரிவுக்கு ஓடி, பள்ளத்தில் தேங்கியிருந்தது. பரசுராமன் புளியமரத்து வேரில் தலை வைத்துப் படுத்திருந்தார். உயிர் இல்லை. காசி நெல் முழுக்க வாரிவிட்டிருந்தான். கற்களையும் முக்கால்வாசி எடுத்துவிட்டிருந்தான். திருப்பத்தில் நாலைந்தை மட்டும் விட்டிருந்தான். மறுநாள் வேறொருத்தன் முந்திக்கொண்டு நெல் பரப்பிவிட்டால் என்ன செய்வது?

பரசுராமன் பிரேக் பிடித்த தடமே தாரில் இல்லை. தரணேந்திரன் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பயந்து பயந்து போன காலத்தில் அந்த மனிதர் கல்லைக் கண்டிருப்பார். பயப்பட வேண்டாம் என்று இரண்டு அறுப்புக் காலம் பழக்கிவிட்டு, ஒரு நாள் சோற்றுக்குப் போய்விட்டார் நயினார்.

காசி அவர் கையைப் பிடித்தான். "பொண்ணு கல்யாணம்டா. வாயத் தொறக்காத."

விசாரணைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். வளைவைச் சுற்றி நடந்துவிட்டு, குறுகலான திருப்பம், அதுதான் காரணம், அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்றார். அவர் பை நிறைய வைத்திருந்த திட்டத்துக்கு அந்தச் சாவு வாகாக அமைந்தது. நீர் என்ன சொல்கிறீர் என்று தரணேந்திரனைக் கேட்டபோது, காசி கொஞ்சம் தள்ளி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரோடு அகலம் போதுங்க, சார். வளைவுல கல்லு இருந்துச்சு. காசி வெச்ச கல்லு. எடுக்க வேண்டிய ஆள் நானு. எடுக்காம சாப்பிடப் போயிட்டேன்."

அதிகாரிக்கு அந்தப் பதில் பயன்படவில்லை. காசியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து, வழக்குப் போட்டு அனுப்பிற்று. பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். தரணேந்திரனுக்கு முதலில் தற்காலிகப் பணிநீக்கம், பிறகு வேங்கிக்கால் ஆபீசில் ஒரு நாற்காலி. ஊரில் அவரிடம் பேசுகிறவர்கள் இன்னும் கம்மியானார்கள். கூட்டாளியைக் காட்டிக் கொடுத்தவன் என்றது ஒரு பாதி. பால்காரனைச் சாகக் கொடுத்தவன் என்றது மறு பாதி. அவர் எந்தப் பாதியோடும் வழக்காடவில்லை.

அடுத்த வருஷம் வளைவை அகலப்படுத்தினார்கள். புளியமரங்கள் போயின. பந்தல், மைக், கல்வெட்டு. தை பிறந்ததும் முன்னைவிட ஜாஸ்தியாக, இரண்டு பக்கமும் நெல் காய்ந்தது. கல்லும் இரண்டு வரிசை.

அந்த நீளம் இப்போது அவர் பொறுப்பில்லை. யாரும் அனுப்பவும் இல்லை. ஆபீஸ் விட்டதும் அவர் நேரே அங்கே போனார். ஜினமதி இலை போடுவதை நிறுத்திவிட்டாள். மரமில்லாத வெட்டவெளியில், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவர் கல் உருட்டுவதைக் காசி தன் வரப்பிலிருந்து பார்ப்பான். வந்து கை கொடுத்ததில்லை, தடுத்ததும் இல்லை.

பாலை இப்போது பரசுராமன் மனைவி மணியம்மாள்தான் கொண்டுபோகிறாள். வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள், இரண்டு பக்கமும் கேன். முதல் தடவை அவளைக் கண்டபோது தரணேந்திரன் கடைசிக் கல்லையும் பள்ளத்தில் தள்ளியிருந்தார். வளைவு துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"போலாம்மா. ஒண்ணும் இல்ல."

மணியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சைக்கிளை விட்டு இறங்கினாள். குனிந்து தாரை ஒவ்வொரு எட்டாகப் பார்த்துக்கொண்டு, கேன்கள் ஆட, வளைவு முடியும்வரை தள்ளிக்கொண்டே போனாள். மறுநாளும் இறங்கித்தான் போனாள்.