தேதி இல்லாத ஃபைல்

"இன்னா காய்தம் குடுத்துகிறீங்க? பிளேட்லெட்டு நல்லா கீதுன்னு போட்டுகிறீங்க. எம்பொண்ணுக்குப் பல்லுலேர்ந்து ரத்தம் வருது. வந்து பாருங்க!"

மாரிகுப்பத்திலிருந்து வந்த அமலா ரிசப்ஷனில் நின்று கத்தினார். வாசலில் ஆட்டோவுக்குள் அவருடைய மகள் துவண்டு கிடந்தாள். டெங்கு பரவியிருந்த மழைக்காலம்; அதில் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு.

டெக்னீஷியன் ரோஸி ஓடிப்போய் மெஷின் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஜெயராஜ் அண்ணா, மெஷின்ல பதினெட்டாயிரம்தான் காட்டுது. ரிப்போர்ட்ல ரெண்டு லட்சத்துக்கு மேல கீது."

சரியான எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்து, அதே ஆட்டோவில் கோலார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதன்பிறகுதான் நான் சர்வரைத் திறந்தேன்.

எங்கள் மெஷின் தினமும் முடிவுகளை 'ரிசல்ட்' என்ற ஒரே பெயரில் ஃபைலாக அனுப்பும். புதியது வந்தால் பழையதை அழித்து உட்காரும். முடிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டேபிளுக்கும் தினமும் அதே பெயர்தான். சாம்பிள் நம்பரோ தினமும் ஒன்றிலிருந்து தொடங்கும். அன்று கரண்ட் போய் வந்ததில் மெஷின், ரத்தத்தைச் சரியாகச் சோதித்தாலும், ஃபைலை அனுப்பவில்லை. முந்தின நாள் ஃபைல் அப்படியே கிடந்தது. பிரிண்ட் சாஃப்ட்வேர் அதை எடுத்து, நேற்றைய ஏழாம் நம்பர்காரரின் எண்ணை இன்றைய ஏழாம் நம்பரான அந்தப் பெண்ணின் பெயரில் அச்சடித்துவிட்டது. அன்று அச்சான மற்ற ரிப்போர்ட்டுகளையும் திரும்ப வாங்கித் திருத்தினோம்.

இப்படி ஆகும் என்று கோடையிலேயே மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். ஃபைல் பெயரிலும் டேபிள் பெயரிலும் அன்றைய தேதி தானாகச் சேரும்படி செய்துவிடலாம், அன்றைய தேதி போட்ட ஃபைல் இல்லையென்றால் பிரிண்ட் நின்றுவிடும் என்றேன். அவர் தலைகூட நிமிரவில்லை.

"பேரை மாத்துனா சாஃப்ட்வேர்காரனைக் கூப்பிடணும். ஓடுற சிஸ்டத்துல கை வெக்காதப்பா."

மறுநாள் காலை அமலா திரும்பி வந்தார். மகளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவரை உட்காரவைத்து, ரோஸியைக் காட்டி, "புதுப் பொண்ணும்மா. கவனக்குறைவு. மன்னிப்பு எழுதிக் குடுக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

நான் குறுக்கிட்டேன்.

"அவ மேல தப்பே இல்லக்கா. அவ சோதிச்சது சரி. சிஸ்டம் பழைய ஃபைலை எடுத்துச்சி. அதை மாத்தணும்னு நான் கேட்டப்போ வேணாம்னது சார்தான்."

மேனேஜர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். அமலா அவரைப் பேசவிடவில்லை.

"அப்போ மன்னிப்பு நீதான கேக்கணும்? அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுவுது?"

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றே, யாரிடமும் அனுமதி கேட்காமல், அந்தப் பெயர்களை மாற்றினேன். 'ரிசல்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி. நாள் எண்ணை முன்னால் போட்டால் ஃபைல்கள் வரிசை மாறிவிடும், அதனால் வருடம்தான் முதலில். சாஃப்ட்வேர்காரர்கள் தங்கள் பங்கைப் போனிலேயே செய்து கொடுத்தார்கள். அவ்வளவுதான் வேலை.

அமலாவின் மகள் பிழைத்து வீடு திரும்பினாள். ரோஸி மட்டும் அந்த மாதமே வேலையை விட்டாள். மேனேஜர் அவளை ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். புதிய முறையைத் தன் ஏற்பாடு என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டதும் அவர்தான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தேதியை மனிதர்கள் ஞாபகமாகப் போடுவார்கள் என்று விடாதீர்கள், மெஷினையே போடவையுங்கள். வேண்டாம் என்று மேலே இருப்பவர் சொன்னால், ஒருமுறை கேட்டுவிட்டு என்னைப்போல் சும்மா இருக்காதீர்கள். அந்த மாற்றத்தை எழுத எனக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அதற்கு ஒரு பெண்ணின் வாயிலிருந்து ரத்தம் வரவேண்டியிருந்தது.