பழனிக்கு நடந்த பரிமளா

குன்றாண்டார்கோவிலில் தையல் கடை வைத்திருக்கும் பரிமளா, கல்யாணமான வருஷத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவள். புருஷன் உதயசூரியனோடும் அவனுடைய பங்காளிகளோடும்தான் போவாள். அந்தக் கூட்டத்துக்குக் குருசாமி, உதயசூரியனின் சித்தப்பா ஆண்டியப்பன்.

போன வருஷம் ஆவணியில் உதயசூரியன் குடித்துவிட்டு அடித்த அடியில் அவளுடைய இடது காது சவ்வு கிழிந்தது. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குக் குடிவந்தாள். விவாகரத்து கேட்டு வழக்கும் போட்டாள்.

மார்கழியில் வழக்கம்போல் மாலை போட்டுக்கொண்டாள். கேள்விப்பட்டு ஆண்டியப்பன் கடைக்கு வந்தார்.

“இந்த வருசம் நீ வர வேணாம் ஆத்தா. அவனும் வாரான். வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லாருக்கும் கெட்ட பேரு.”

“அவர வர வேணாம்னு சொன்னீங்களா மாமா?”

“அவன் மாலை போட்டுட்டான்.”

“நானுந்தான் போட்டிருக்கேன். ஒங்க வேன்ல என் பைய ஏத்த வேணாம், ஒங்க சோறும் வேணாம். ரோடு எல்லாருக்கும் பொதுதானே? நான் வாரேன்.”

சொன்னபடியே கிளம்பினாள். பச்சைச் சேலை, தோளில் பை. கூட்டம் முன்னால் போக, கண்ணுக்கெட்டும் தூரத்தில் பின்னாலேயே நடந்தாள். கீரனூர் தாண்டியதும் பயம் வந்தது. ஒற்றைக் காதில் ஹாரன் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. லாரி உரசிப்போகும்போதெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். ஆனாலும் திரும்பவில்லை.

விராலிமலையில் மதியச் சாப்பாட்டுக்குத் தங்கிய இடத்தில் ஆண்டியப்பன் அவளை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நடுவில் வேலை நட்டுக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். உதயசூரியன் கைகட்டி நின்றான்.

“தப்புதான். இனிமே குடிக்க மாட்டேன். வேல் மேல சத்தியம்” என்றான்.

“அப்பறம் என்ன? சாமி முன்னாடி சேந்துக்கங்க. கேஸ வாபஸ் வாங்கு ஆத்தா” என்றார் ஆண்டியப்பன். யாரோ “அரோகரா” என்று குரல் கொடுத்தார்கள்.

பரிமளா வேலைச் சுட்டிக்காட்டினாள்.

“போன தைப்பூசத்துலயும் இதே வேல் மேலதான் சத்தியம் பண்ணுனாரு. நீங்கதான மாமா கற்பூரம் ஏத்துனீங்க? அதுக்கப்பறந்தான் எனக்குக் காது போச்சு.”

“சாமி இருக்க எடத்துல புடிவாதம் பண்ணாத.”

“சாமியப் பாக்கத்தான் நடந்து போய்க்கிட்டு இருக்கேன். சொல்ல வேண்டியத அவருகிட்ட சொல்லிக்கிறேன். மத்தத கோர்ட்டுல பேசிக்குவோம்.”

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “எம்புட்டுத் திமிரு பாரு” என்று கூட்டத்திலிருந்த ரஞ்சிதா சொன்னது நல்ல காதில் தெளிவாகவே விழுந்தது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள்.

பின்னால் யாரோ ஓடிவந்து தோளைத் தொட்டார்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் முனியாயி. அவளும் அந்தக் கூட்டத்தில் வந்தவள்தான். கையில் பை இருந்தது.

“என் பைய வேன்லேருந்து எடுத்துட்டு வந்துட்டேன்” என்றாள்.

“ஒங்களத் திட்டுவாங்களே அக்கா?”

“திட்டட்டும். நீ இங்கிட்டு ஓரமா வா, லாரி வருது.”

அதற்குப் பிறகு லாரி வரும் பக்கம் முழுக்க முனியாயிதான் நடந்தாள். ராத்திரி மணப்பாறையில் வேறு ஊர்ப் பெண்களோடு தங்கிப் படுத்தார்கள். திண்டுக்கல் வருவதற்குள் இருவருக்கும் பாதம் கொப்புளம் கண்டுவிட்டது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பழனியில் தரிசன வரிசையில் உதயசூரியன் எதிர்ப்பட்டபோது தலைகுனிந்தது அவன்தான். பரிமளா நேராகப் பார்த்தபடி மேலே ஏறினாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறாள். இந்த மார்கழியில், தைப்பூசத்துக்கு அவளும் முனியாயியும் தனியாகப் போவதென்று பேச்சு கிளம்பியதும், தாங்களும் வரலாமா என்று சில பெண்கள் கடைக்கு வந்து கேட்டார்கள். அவர்களில் ரஞ்சிதாவும் ஒருத்தி.

பரிமளா மிஷினை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“தாராளமா வாங்க. ஆனா யாரையும் யாரோடயும் சேத்து வைக்கிற வேல நம்ம கூட்டத்துல கெடயாது. சம்மதமா?”

ரஞ்சிதா தலையாட்டினாள். எல்லோருமாக மாலை வாங்கக் கீரனூருக்கு பஸ் ஏறினார்கள்.