பிடிக்கவில்லை என்றவரின் முன்னுரை

எழுத்தாளர் வளர்மதி இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் கயல் போனில் சொன்னபோது நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அரியலூர் போய் அவருடைய புது நாவலைப் பற்றி நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என் கருத்தைக் கேட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நம் எழுத்தைக் குறை சொன்னால் எழுதுகிற நாம் என்ன செய்வோம் என்பது நமக்கே தெரியும். 'உங்களுக்கு வாசிப்பு போதாது' என்று வகுப்பெடுப்போம். வீட்டுக்குப் போய் ஃபேஸ்புக்கில் பிளாக் செய்வோம். அரியலூர் வாசகர் கூட்டத்தில் தா.பழூர்க்காரர் ராஜேந்திரன் எழுந்து, வளர்மதியின் முதல் நாவலைப் பற்றி, "மேடம், அந்த மாமியார் வாயத் திறந்தாலே விஷம். எந்த வூட்லயும் நான் அப்படிப் பாத்ததில்லீங்க. பாதியிலயே மூடிட்டேன்" என்றபோது, எல்லோரும் வளர்மதியின் முகத்தைத்தான் பார்த்தோம்.

"எந்த இடத்துல மூடுனீங்க?" என்றார் அவர்.

"மருமக சாப்புடுற தட்டப் புடுங்குற இடத்துலங்க."

"எழுதும்போது எனக்கும் அங்க உறுத்துச்சு. தாண்டிப் போயிட்டேன்."

அதோடு விடவில்லை. சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொல்லி, இரண்டாம் பதிப்பில் முன்னுரையாகப் போட்டார். பதிப்பாளர் அலறினார். "கல்யாணப் பத்திரிகையில யாராச்சும் பொண்ணோட குறைய அச்சடிப்பாங்களாம்மா?"

"தெரிஞ்சே கட்டிக்கட்டும் சார்."

ஆனால் நாவலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. "எழுதுனது எழுதுனதுதான். அடுத்த புத்தகத்துல பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். அடுத்த நாவலில் வரும் மாமியாரைப் போல ஒரு முழு மனுஷியை நம் பக்கத்து எழுத்தில் வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

செந்துறையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நண்பர்கள் என் காதைக் கடித்தார்கள். "இன்னைக்காவது நல்லத மட்டும் சொல்லுங்க." கயல்தான் கிட்டே வந்து, "புது நாவலைப் பத்தி நீங்க என்ன சொல்லுவீங்கன்னு அம்மா காத்துட்டே இருந்தாங்க மாமா. இப்பச் சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் ஆளுக்கொரு திசையாக நடந்து போகும் இடத்திலேயே அந்த நாவல் முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் அவர்களைச் சேர்த்துவைத்தது வளர்மதியின் இளகிய மனசு. கதைக்கு அது தேவையில்லை.

சிலர் முகம் சுளித்தார்கள். கயல் தலையாட்டினாள். மேடையிலிருந்த படத்திலிருந்து பதில் வரவில்லை. அவர் போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறுக்க முடியவில்லை.

குறையைக் கேட்டுவிட்டு, மறுநாளே அடுத்த நாவலை எழுத உட்காரும் அவருடைய திமிரை இனி என் எழுத்துக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.