முதலை முக்கு

காலை ஐந்தே முக்கால். தண்ணீர் வரும் நேரமாயிற்றே என்று குடத்தோடு போன எனக்கு முதலில் தெரிந்தது ஒரு வால். ஈரச் சிமெண்டின் வாசனையோடு ஓடையோரமாக வளைந்து கிடந்த அந்த வாலைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனால் முதுகு, இரண்டு முட்டைக் கண்கள், கடைசியில் பிளந்த வாய், அந்த வாய்க்குள் எங்கள் சந்தின் பித்தளைக் குழாய். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. உடைந்து கிடந்த குழாய் மேடையைப் பூசித் தர முந்தின நாள் வந்த கொத்தனார் வேதமணி, மார்த்தாண்டத்துக்காரர், மீந்த சிமெண்டை வீணாக்க மனமில்லாமல் ஒரு முதலையைச் செய்துவிட்டுப் போயிருந்தார். மேல்தாடையில் வலப்பக்கம் மூன்றாவது பல் மட்டும் இல்லை. அதற்குள் சிமெண்ட் தீர்ந்துவிட்டதாம்.

மலையாள ஊரான கரமனையில் ஆற்றுக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் சந்துக்கு அதுவரை பெயர் கிடையாது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைக்க வந்த இருபது குடும்பங்களுக்கும் கடிதங்கள் "தபால்பெட்டிக்கு எதிர்ச் சந்து" என்றே வந்தன. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, "பிள்ளையாரு வச்சாலும் ஒரு அர்த்தம் உண்டு, இது என்னத்துக்குவே?" என்றுதான் வேதமணியிடம் கேட்டார். "தண்ணிக்குள்ள கெடக்குறதுதானே, அண்ணாச்சி" என்றார் அவர். ஆறே மாதத்தில் பஸ் கண்டக்டர் "முதல முக்கு, இறங்கான் உண்டோ?" என்று கேட்கத் தொடங்கினார், அப்பாவும் தம் கடிதங்களின் மூலையில் "முதலை முக்கு" என்று எழுதலானார். பள்ளியில் என்னை "முதலைக்குட்டி" என்றார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

வேதமணி அந்த வழியே வரும்போதெல்லாம் தண்ணீர் பிடிக்கும் பெண்கள், "மேஸ்திரி, பல்லு எப்போ?" என்பார்கள். "பால்பல்லு விழுந்திருக்கு, முளைக்கும்" என்பார். முளைப்பதற்குள் அவர் துறைமுக வேலைக்கு விழிஞ்ஞம் போய்விட்டார்.

சாலையை அகலப்படுத்த அளக்க வந்தவர்கள் சந்து முனையில் கிடந்த முதலையின் முதுகில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்கள். அப்பா மூன்று மனு எழுதினார். நேரில் போனபோது, "ஒரு பைப்பல்லே சாரே", வெறும் குழாய்தானே என்று அனுப்பிவிட்டார்கள். இடிக்க ஆள் வரவிருந்த காலையில் அப்பா குளித்து, முதலையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செம்பருத்தியைச் சொருகி, விளக்கேற்றினார். "ஒரு வாரத்துக்குத்தான். ரோடு போட்டு முடிஞ்சா கழுவிரலாம்" என்றார் அம்மாவிடம். கடப்பாரையோடு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சாலையை அந்த இடத்தில் மூன்றடி வளைத்துப் போட்டார்கள். அன்று முழுக்க எங்கள் சந்தில் ஒரே சிரிப்பு.

வெள்ளிக்கிழமை யாரோ மாலை போட்டிருந்தார்கள். எங்கள் சந்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. சாலை வேலை முடிந்ததும், "பூசுனது நீங்க, நீங்களே கழுவுங்க" என்று அம்மா சொல்ல, அப்பா நிறைகுடத்தோடு போனார். முதலைக்கு முன்னால் ஒரு பெண், காய்ச்சலில் கிடந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தாள். அப்பா குடம் குறையாமல் திரும்பி வந்தார். மறுநாளும் போனார். அன்று வேறு யாரோ.

பிறகு கமிட்டி வந்தது, பூசை செய்யப் போத்தி வந்தார், சுற்றிலும் கம்பி அழி வந்தது. கண்ட பாத்திரமும் படுகிற இடமாக இருக்கலாகாது என்று குழாயை அடைத்துச் சந்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். முதல் பொட்டு வைத்தவர் என்று எல்லாக் கூட்டத்திலும் அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதமணி வந்தார், கையில் பூசும் கரணையும், காகிதத்தில் பொதிந்த ஒரு சிமெண்ட் பல்லுமாக. விழிஞ்ஞத்தில் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துச் செய்ததாம்.

"பிரதிஷ்டை ஆயாச்சு. இனி இரும்பு படக் கூடாது" என்றார் போத்தி, தன்மையாகத்தான்.

"அஞ்சு நிமிச வேலை, போத்தியே. நானாக்கும் இதச் செஞ்சது."

"அது அப்போ."

வேதமணி அப்பாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா அழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் சொன்னா கேக்குற எடத்துல இது இப்போ இல்ல, வேதமணி."

வேதமணி பல்லைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காப்பி குடிக்கக் கூப்பிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சென்ற மாதம் முதல் பஸ்ஸில் அங்கே போனேன். கண்டக்டர் "க்ஷேத்ரம் ஸ்டாப்" என்றார். இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். குடங்களும் இல்லை, குழாயும் இல்லை. சாலை மட்டும் அந்த இடத்தில் மூன்றடி வளைகிறது. முதலைக்குத் தலை முதல் வால் வரை வெள்ளிக் கவசம் சார்த்தியிருக்கிறார்கள். கவசத்தில் எல்லாப் பற்களும் இருக்கின்றன.